ரயில், தந்தி, பூனை, துக்க வீடு: யூதர்கள் எதிலும் பாடம் எடுப்பது பற்றி

ஹெண்டன் முரளி எழுதியது:

லண்டனில் ஹெண்டன் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் பாதி வீடு யூத வீடு. இவர்களோடு பழகியதில் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எது நடந்தாலும் அதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துவிடுகிறார்கள். பஸ் லேட்டானாலும் பாடம், கல்யாணத்தில் மைக் மக்கர் பண்ணினாலும் பாடம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன கதை இது. இன்றைய உக்ரைனில் செர்னிவ்ட்சியை ஒட்டி இருக்கும் சதகோராவில் ரபி அவ்ரஹாம் யாக்கோவ் என்ற ஹசிதிய குரு இருந்தார் (ரபி என்றால் யூத மத ஆசிரியர், ஹசிதியம் அவர்களுடைய ஒரு பக்தி இயக்கம்), 1820 முதல் 1883 வரை வாழ்ந்தவர். கடவுள் படைத்தவை மட்டுமில்லை, மனிதன் செய்த பொருள்களும் நமக்கு ஏதாவது சொல்லித்தரும் என்றாராம். அப்போது புதிதாக வந்தவற்றை வைத்து ஒரு சீடர் மடக்கப் பார்த்திருக்கிறார். ரயில் என்ன சொல்லித்தரும்? ஒரு நொடி பிந்தினால் எல்லாமே தவறிப்போகும். தந்தி? ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது. டெலிபோன்? இங்கே பேசுவது அங்கே கேட்கிறது.

இதற்கு வேர், ஹசிதிய மரபைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் (மறைவு 1760). கண்ணில் படுவதும் காதில் விழுவதும் எல்லாம் இறைவனுக்கு நாம் செய்ய வேண்டியதைக் காட்டும் என்பது அவருடைய போதனை.

என் கேள்வி: இது வெறும் சாமர்த்தியப் பேச்சா, இல்லை அன்றாட வாழ்க்கையில் உண்மையாகவே இறங்கியிருக்கிறதா? பழகியவர்கள், படித்தவர்கள் எழுதுங்கள். அரசியல் வேண்டாம், அதற்குத்தான் ஏற்கெனவே பத்து இழை ஓடுகிறதே.

கறார் கணேசன் எழுதியது:

முரளி, கோபப்படாதீர்கள். இந்த ரயில் கதை, குடும்ப குரூப்பில் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ படத்தோடு வருகிற ரகம். எதை எடுத்தாலும் பாடம் சொல்லலாம். இட்லிப் பானையை வைத்துக்கூட நான் நாலு தத்துவம் சொல்வேன். வாய்ச்சாலகம் இருந்தால் போதும், ஆன்மிகம் தேவையில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பஸ் லேட்டானதில் பாடம் எடுக்கிறவர், ஒரு வீட்டில் குழந்தை செத்தால் என்ன செய்வார்? அங்கேயும் போய் "இதில் ஒரு பாடம் இருக்கு" என்பாரா? என் அக்கா மகன் போனபோது வந்தவர்களில் பாதிப்பேர் எங்களுக்குப் பாடம்தான் எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எதிலும் பாடம் உண்டு என்று ஒரு மரபே சொல்கிறது என்றால், அந்த இடத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று யாராவது சொல்லுங்கள். ரயில் எல்லாம் அப்புறம்.

மன்னார் மேரி எழுதியது:

வணக்கம். நான் இஸ்ரேலில் பினெய் பிராக்கில் முதியவர் பராமரிப்பு வேலை செய்கிறேன். கணேசன் அண்ணாவின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நான் தினமும் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் பார்க்கிற ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காலையில் கண் விழித்ததும், கட்டிலில் இருந்தபடியே, உயிரைத் திருப்பித் தந்ததற்கு ஒரு வரி நன்றி சொல்வார். கை கழுவுவதற்கு முந்தியே சொல்லலாமாம், அந்த வரியில் ஆண்டவருடைய பெயர் வராது, அதனால். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த பேசினில் இரண்டு பிடி வைத்த குவளையால் வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி மூன்று தரம் ஊற்ற வேண்டும். இப்போது அவருக்குக் கை நடுங்கும், நான் குவளையின் அடியைத் தாங்கிப் பிடிப்பேன்.

எனக்குப் பெரிய அதிசயம் என்னவென்றால், கழிவறைக்குப் போய் வந்து கை கழுவியதும் சொல்கிற செபம். உடம்பில் துவாரங்களையும் குழாய்களையும் ஞானத்தோடு படைத்தாய், திறக்க வேண்டியதில் ஒன்று அடைத்தாலும், அடைக்க வேண்டியதில் ஒன்று திறந்தாலும் ஒரு நேரம்கூட உம் முன்னால் நிற்க முடியாது என்று அர்த்தம் வரும். கழிவறைக் கதவுக்கு வெளியே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். போன வருடம் அவருக்கு மூத்திரம் அடைத்து கதீட்டர் போட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு இந்தச் செபத்தை அவர் அவசரமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். நான் தாதிப் பயிற்சி எடுத்தவள், அந்தச் செபத்தில் இருப்பது சுத்த உடற்கூறு.

நூலகப்பூனை எழுதியது:

மேரி அக்கா சொன்ன அந்தக் கழிவறை வாழ்த்து, யூதச் சட்டமும் விவாதமும் அடங்கிய பழைய தொகுப்பான தல்மூதிலேயே இருக்கிறது, அபயே என்ற ரபியின் பெயரில். இப்படி ஒரு நாளைக்கு நூறு வாழ்த்து சொல்ல வேண்டும் என்று ரபி மெயிர் ஒரு கணக்கு வைத்தார். சாதாரண நாளில் மூன்று வேளை நின்று சொல்லும் தொழுகையிலேயே 19 வீதம் 57 வந்துவிடும். மிச்சம் ரொட்டிக்கு, பழத்துக்கு, இடிக்கு, மின்னலுக்கு, கடலைப் பார்த்தால், வானவில்லைப் பார்த்தால். ஓய்வுநாளான சனிக்கிழமை ஷப்பாத் அன்று தொழுகை சுருங்கி 7 ஆகிவிடுவதால் நூறு எட்டாது. ஒரு ரபி அன்றைக்கு வாசனைப் பொருளும் தின்பண்டமும் எடுத்து எண்ணிக்கையை நிரப்புவாராம். எனக்குப் பிடித்த ரபி அவர்தான்.

கணேசன் சார், இதையும் ரயில் கதையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ரயில் கதை பேச்சு. இது செயல். மாம்பழத்தை வாயில் வைக்கும் முன் ஒரு வரி நிறுத்துகிறீர்கள், அவ்வளவுதான். அது என்ன பாடம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே சமயம் பாடம் எடுக்கும் பழக்கமும் ஹசிதியர்களுக்கு ரொம்ப முந்தியது. 3ஆம் நூற்றாண்டில் திபேரியாவில் இருந்த ரபி யோகனான் சொன்னது: தோரா (யூத வேதம்) நமக்குக் கொடுக்கப்படாமலே போயிருந்தால், அடக்கத்தைப் பூனையிடமும், திருடாமையை எறும்பிடமும் கற்றிருப்போம். புறாவிடம் கற்புநெறி. சேவலிடம், பெட்டையை முதலில் சமாதானப்படுத்தி அப்புறம் நெருங்கும் மரியாதை. (என் பெயரைப் பார்த்துவிட்டு யாரும் சிரிக்க வேண்டாம். பூனை மலத்தை மூடுவதைத்தான் அடக்கம் என்று உரைகாரர் ராஷி விளக்குகிறார்.)

கறார் கணேசன் எழுதியது:

கழிவறை வாழ்த்து நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் ஐம்பத்தைந்து ஆகிவிட்டது, அதன் அருமை தெரியும். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சயான் செல்வம் எழுதியது:

நான் மும்பைவாசி. முரளி கேட்ட "அன்றாட வாழ்க்கை" பக்கம் கொஞ்சம் போகிறேன். மன்னிக்கவும் கணேசன் அண்ணே, உங்கள் கேள்வி கனமானது, எனக்குத் தெரிந்தது அவல் மட்டும்தான்.

கொங்கண் கடற்கரையில் பல நூற்றாண்டாக இருக்கும் பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் ஊர்க்காரர்கள் அவர்களை "சனிவார் தேலி", சனிக்கிழமை வாணியர் என்றே கூப்பிட்டார்கள். வேதப் புத்தகம், ரபி எல்லாம் அவர்களிடம் அதிகம் இல்லாத காலத்திலும் அந்த ஒரு நாள் ஓய்வு மட்டும் போகவில்லை.

இவர்களுடைய மலிதா என்ற சடங்குக்குத் தானேயில் என்னோடு வேலை பார்த்தவர் அழைத்துப் போனார், புது வீடு குடிபோன சமயம். நனைத்து எடுத்த அவலில் தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி போட்டுப் பிசைந்து தாம்பாளத்தில் குவிக்கிறார்கள். சுற்றி வாழைப்பழம், ஆப்பிள், பேரீச்சை என்று பழங்கள். எலியா தீர்க்கதரிசியை நினைத்து எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். அப்புறம் மரத்தில் காய்த்ததற்கு ஒரு வாழ்த்து, மண்ணில் விளைந்ததற்கு ஒரு வாழ்த்து, வாசனைக்குத் தனியாக ஒன்று. பூனை சொன்ன நூறு வாழ்த்துக் கணக்கு அங்கே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

வாசனைக்காகச் சப்ஜா இலையைக் கையில் கொடுத்தார்கள். அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ள வேண்டும், அவர் முகர்ந்து அடுத்தவரிடம். ஒரு சின்னப் பையன் அதைத் தும்மலோடு வாழ்த்தினான். யாரும் அதட்டவில்லை.

நேர்ந்துகொண்டது நிறைவேறினால், கல்யாணம் நிச்சயமானால், வெளிநாடு கிளம்பினால் எல்லாவற்றுக்கும் மலிதா உண்டு. அலிபாக் பக்கம் கண்டாளா என்ற சின்ன ஊரில் எலியாவின் தேர்த்தடம் பதிந்ததாகச் சொல்லும் பாறை இருக்கிறது. மரங்களுக்கான பண்டிகையான தூ பிஷ்வாத் சமயத்தில், அதாவது தை மாசி வாக்கில், அங்கே திரளாகப் போகிறார்கள்.

நெறியாளர் எழுதியது:

கொச்சி யூதர், செப்பேடு பற்றிக் கேட்டு வந்த மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தலைப்போடு நிற்போம்.

பாளை ஆசிரியர் எழுதியது:

கணேசன் தம்பி கேட்டதற்கு நான் அறிந்த அளவில் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன், கிறிஸ்தவன். யோபு சரித்திரம் எங்களுக்கும் அவர்களுக்கும் பொது. யோபின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் மாண்டபின் மூன்று நண்பர்கள் வந்து, ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரைக்கும் சரி. அதன்பின் வாய் திறந்து, நீ ஏதோ பிழை செய்திருப்பாய் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆண்டவரே அந்த நண்பர்கள்மேல் கோபம் கொள்கிறார்.

யூத மரபு இதை நீதிக்கதையாக விட்டுவிடவில்லை, சட்டமாக்கிவிட்டது. நோயிலோ பிள்ளைச் சாவிலோ துடிக்கிறவனிடம் யோபின் நண்பர்கள் பேசியதுபோல் பேசுவது வார்த்தையால் செய்யும் கொடுமை, தடைசெய்யப்பட்டது என்று தல்மூதில் பெயர் சொல்லியே இருக்கிறது. துக்கம் கேட்கப் போனவர், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பேசக்கூடாது என்பதும் சட்டம். "சிவா" என்று அவர்கள் சொல்லும் ஏழு நாள் துக்கத்துக்குப் பொருந்தும் விதி இது.

அடக்கம் முடிந்து வந்ததும் சாப்பிடும் முதல் உணவு, துக்க வீட்டாரின் சொந்தச் சாப்பாடாக இருக்கக்கூடாது. அண்டை அயலார் கொண்டுவர வேண்டும். நம்மூரிலும் அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே. அவர்கள் கொண்டுவருவது முட்டை, மைசூர்ப் பருப்பு வகை. பருப்பு ஏன் என்பதற்குச் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: மற்ற பயறுகளுக்கு வாய்போலப் பிளவு இருக்கும், இதற்கு வாய் கிடையாது, துக்கத்தில் இருப்பவனுக்கும் வாய் இல்லை.

ஹெண்டன் முரளி எழுதியது:

ஆசிரியர் ஐயா, இதை நேரில் பார்த்தேன். எதிர் வீட்டில் அம்மா இறந்தபோது நானும் மனைவியும் போனோம். வெளிக்கதவு சும்மா சாத்தியிருந்தது, மணி அடிக்க வேண்டாம் என்று ஒரு சீட்டு. உள்ளே கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மகன்கள் இரண்டு பேரும் கால் வெட்டின மாதிரி தாழ்வான நாற்காலியில், சட்டைக் காலர் பக்கம் கிழிந்து தொங்க உட்கார்ந்திருந்தார்கள். வணக்கம் கிடையாது, கைகுலுக்கல் கிடையாது. நாங்கள் உட்கார்ந்தோம். நீண்ட நேரம் சத்தமே இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கார்ப்பெட்டின் டிசைனை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் மூத்தவர் தானாகவே, "அம்மாவுக்கு உங்கள் வீட்டுச் சாம்பார் வாசனை பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வாள்" என்று ஆரம்பித்தார். அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். ஏழாம் நாள் காலையில் இரண்டு பேரும் எழுந்து தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்ததை ஜன்னலில் பார்த்தேன். துக்கம் முடிக்கும் வழக்கமாம்.

நூலகப்பூனை எழுதியது:

துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு சமூகக் கதையும் உண்டு. முன்பு பணக்காரர்கள் அந்த உணவை வெள்ளி, தங்கக் கூடையில் கொண்டுபோனார்களாம், ஏழைகள் உரித்த வில்லோ மரக் குச்சிக் கூடையில். ஏழைகள் கூனிக் குறுகியதால், இனி எல்லாரும் குச்சிக் கூடைதான் என்று விதித்தார்கள். சவத் துணியும் அப்படியே. சாவைவிடச் சாவுச்செலவு உறவினருக்குக் கொடுமையாகி, பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போகும் அளவுக்கு ஆனது. வசதியான தலைவர் ரபான் கம்லியேல் என்னை எளிய நாரிழைத் துணியில் எடுத்துப் போங்கள் என்று சொல்லிவைத்துப் போனார். அதைப் பார்த்து எல்லாரும் மாறினார்கள். இன்றும் அவர்களுக்குச் சாதாரண வெள்ளைத் துணிதான், கோடீஸ்வரனுக்கும்.

கணேசன் சார், இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பூனையிடம் அடக்கம் கற்கலாம் என்றாரே ரபி யோகனான், அவருக்குப் பத்துப் பிள்ளைகள் செத்துப் போனார்கள். பத்தாவது பிள்ளையின் சின்ன எலும்பு ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தார், துக்கப்படுகிறவர்களிடம் அதைக் காட்டுவார்.

அவருடைய சீடர் ஒருவர் நோயில் விழுந்தார். இவர் போய், "இந்த வேதனை உனக்குப் பிரியமா?" என்று கேட்டார். வேதனையை அன்போடு ஏற்றால் புண்ணியம் என்ற பேச்சு அன்றைக்கும் இருந்தது, அதை வைத்துத்தான் இந்தக் கேள்வி. சீடர் சொன்ன பதில்: "அதுவும் வேண்டாம், அதன் பலனும் வேண்டாம்." யோகனான் விவாதிக்கவில்லை. "கையைக் கொடு" என்றார். கொடுத்ததும் தூக்கி எழுப்பிவிட்டார். பிறகு யோகனானே படுத்தபோது ரபி ஹனினா வந்து அதே கேள்வி கேட்டார், இவரும் அதே பதிலைத்தான் சொன்னார். அடுத்தவரை எழுப்பியவர் தன்னை ஏன் எழுப்பிக்கொள்ளவில்லை? சிறையில் இருப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்கிறது தல்மூத்.

மூன்றாவது சம்பவம்தான் உங்களுக்கு வேண்டியது. ரபி எலாசார் இருட்டறையில் படுத்து அழுகிறார். யோகனான் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டுவிட்டு, அவரே ஆறுதல் அடுக்குகிறார். படித்தது போதவில்லையா, கூடவோ குறையவோ மனம்தான் முக்கியம். வறுமையா, படிப்பு, பணம் என்று இரண்டு மேஜையும் எல்லாருக்கும் கிடைக்காது. பிள்ளை இல்லையா, இதோ என் பத்தாவது மகனின் எலும்பு. எலாசார் சொல்கிறார்: அதெல்லாம் இல்லை, உங்கள் இந்த அழகு மண்ணில் மக்கப் போகிறதே, அதற்கு அழுகிறேன். யோகனான் பேரழகர் என்று பெயர் எடுத்தவர். "அதற்கு நீ அழத்தான் வேண்டும்" என்றார், இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். பாடம் சொல்ல வந்தவர் பாடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து அழுத இடம் அது. அழுது முடித்துத்தான் கையை நீட்டுகிறார்.

அதனால் இந்த மரபுக்குள்ளேயே இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. உனக்கு நேர்ந்ததில் நீ பாடம் தேடலாம். அடுத்தவன் வேதனைக்கு நீ பாடம் எழுதக் கூடாது.

கறார் கணேசன் எழுதியது:

பூனை, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நன்றி. "அதுவும் வேண்டாம், பலனும் வேண்டாம்" என்று புனித நூலிலேயே ஒருவரைச் சொல்ல விட்டிருக்கிறார்கள், அது பெரிய விஷயம்.

ஆனால் முழுசாக விடமாட்டேன். யோகனான் எலும்பைக் காட்டுவதும் ஒருவிதப் பாடம்தானே? எனக்கு யாராவது அப்படிக் காட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அப்புறம் முரளி, உங்கள் ஊர்க் கம்பி விவகாரம். ஷப்பாத் அன்று பொருள் தூக்கக்கூடாது என்று ஒரு விதி, அதைத் தாண்ட ஊரைச் சுற்றிக் கம்பி கட்டுவது. இதில் என்ன ஆன்மிகம்? எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவுக்காரர் செய்கிற வேலை மாதிரி இருக்கிறது.

பாளை ஆசிரியர் எழுதியது:

தம்பி, எலும்பு பற்றி நீங்கள் சொல்வது நியாயம். எலாசாரும் அதற்கு மசியவில்லையே. அவர் அழுதது வேறொன்றுக்கு.

உங்களுக்குப் பிடிக்கும் என்று இன்னொன்று. சசோவ் ஊர் ரபி மோஷே லெய்ப் (மறைவு 1807) சொன்னதாக ஹசிதியர்கள் சொல்வது. கடவுள் இல்லை என்ற எண்ணத்தையும் கடவுள் ஏன் படைத்தார் என்று கேட்டார்களாம். உதவி கேட்டு ஒருவன் வந்தால், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவிடாமல், கடவுளே இல்லை, உன்னைத் தவிர அவனுக்கு வேறு நாதியில்லை என்பதுபோல் நீ நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்றாராம். பக்தி மிகுந்தவர் சொன்னது இது.

ஹெண்டன் முரளி எழுதியது:

கணேசன், கம்பிக்கு எருவ் என்று பெயர். வேலி, ரயில்பாதைச் சுவர், வீட்டு வரிசை எல்லாவற்றையும் எல்லையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, இடைவெளி வரும் இடத்தில் மட்டும் இரண்டு கம்பம் நட்டு மேலே கம்பி இழுப்பார்கள், வாசல்நிலை மாதிரி. வடமேற்கு லண்டனில் இது 2003இல்தான் வந்தது. அதற்கு முன் எதிர்ப்பும் அனுமதிப் பிரச்சினையுமாகப் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. யூதர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஷப்பாத்துக்கு முன் எங்காவது அறுந்திருக்கிறதா என்று ஆள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்.

வருவதற்கு முன் கைக்குழந்தைக்காரிகள் சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளேதான். தள்ளுவண்டியைத் தெருவில் தள்ளக்கூடாது. சக்கர நாற்காலியில் இருக்கும் கிழவருக்கும் அதே கதி. இப்போது சனிக்கிழமை காலையில் எங்கள் தெரு முழுக்கத் தள்ளுவண்டி. இன்னொன்று, கம்பி மட்டும் போதாது. எல்லைக்குள் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் பொதுவாக உணவு வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் எல்லாரும் ஒரே வீட்டார் என்று கணக்கு. ஏதாவது ஒரு தொழுகைக்கூடத்தில் ஒரு பெட்டி மட்சா (புளிக்காத மாவு) ரொட்டி அதற்காகவே கிடக்கும்.

கணக்குப் பிரிவு வேலைதான். நானும் கணக்கர், எனக்கு அதில் ஒன்றும் கேவலமாகத் தெரியவில்லை.

நூலகப்பூனை எழுதியது:

பூனையிடம் அடக்கம் கற்கலாம் என்ற வாக்கியம் வருவதே இந்தக் கம்பி, எல்லை எல்லாம் பேசும், தல்மூதின் எருவின் என்ற பகுதியில்தான். நூறு பக்கம் முழ அளவும் சந்துக் கணக்கும் பேசிவிட்டுத் திடீரென்று சேவல், எறும்பு.

மன்னார் மேரி எழுதியது:

விதி பற்றிக் கதைக்கிறபடியால் ஒன்று சொல்கிறேன். கை கழுவ நான் நிறையத் தண்ணீர் நிரப்பி வைத்தால் ஐயா வேண்டாம் என்பார். லித்துவேனியாவில் இஸ்ரயேல் சலாந்தர் என்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு ரபி இருந்தாராம். கை கழுவ விதி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டுமே தண்ணீர் எடுப்பார். கூட எடுத்தால் புண்ணியம் இல்லையா என்று கேட்டதற்கு, தண்ணீர் சுமப்பது வேலைக்காரப் பெண், அவள் தோளில் நான் பக்திமான் ஆக மாட்டேன் என்றாராம். இங்கே குழாயில்தான் தண்ணீர் வருகிறது, நான் சுமப்பது இல்லை. இருந்தாலும் அந்த ஐயா அதைச் சொல்லிப்போட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இனி ஒரு ஷப்பாத் இரவு நடந்தது. சாப்பாட்டு மேசையில் மகன், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். ஐயாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது, உதடு நீலம். அந்த வீட்டில் ஷப்பாத்தில் ஒருவரும் போன் தொடுவதில்லை, லைட் சுவிட்ச்கூடத் தொடுவதில்லை. நான் கிறிஸ்தவள், எனக்குத் தடை இல்லை, என் போனை எடுக்க ஓடினேன். மகன் கையைக் காட்டி மறித்துவிட்டுத் தன்னுடைய போனைத் தானே எடுத்து 101ஐ அழுத்தினார். அவர் ஒரு யெஷிவாவில் (யூத வேதக் கல்லூரி) படிப்பிக்கிறவர், கறுப்புக் கோட்டு, நீளத் தாடி. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். அம்புலன்சில் அவரே ஏறிப் போனார்.

அடுத்த கிழமை நான் கேட்டேன், நான் எடுத்திருக்கலாமே என்று. உயிர் போகிற நேரத்தில் ஷப்பாத்தை மீறுவதை வேற்று மதத்தவரிடமோ சிறுவரிடமோ விடக்கூடாது, பெரியவர்களே செய்ய வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார் என்றார். தயங்கலாம் என்று பிள்ளைகள் ஒருநாளும் நினைக்கக்கூடாது என்பதற்காகத் தானே அழுத்தியதாகச் சொன்னார். ஐயா மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். நுரையீரலில் நீர்.

கறார் கணேசன் எழுதியது:

மேரி, அந்த மகனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். ரயில் கதைக்காரரை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

மன்னார் மேரி எழுதியது:

சொல்கிறேன் அண்ணா. செல்வம் தம்பி, ஒரு சந்தேகம். இங்கே எங்களோடு வேலை செய்கிற மும்பைக்காரி ஒருவருக்கு மலிதா செய்து குடுக்க ஆசை. அவல் தட்டையா, கெட்டியா? எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

சயான் செல்வம் எழுதியது:

அக்கா, நான் சாப்பிட்டது நடுத்தர அவல். ஊறப்போட வேண்டாம், கொழகொழவென்று ஆகிவிடும். சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசி, வடியவிட்டுப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். தேங்காய் பச்சையாக, அன்றைக்குத் துருவியதாக இருக்கட்டும். அங்கே கடையில் விற்கும் உலர் துருவல் போட்டால் தொண்டையில் நிற்கும். சர்க்கரையைக் கடைசியில் போடுங்கள், முன்னாடியே போட்டால் நீர் விட்டுவிடும்.